காணாமல் போன பங்கு

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

குரு செண்பகவல்லி, சேலத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் பேராசிரியை. சீடர் தவமணி ஜவ்வரிசி ஆலை நடத்தியவர். ஆலையின் கழிவுநீரைப் பின்புறக் குழியில் விட்டுவிட்டு, "மண்ணு குடிச்சிருச்சு, காணாமப் போச்சு" என்பார். போனதோ பக்கத்துத் தோட்டத்துப் பாவாயியின் கிணற்றுக்கு. அந்தத் தண்ணீரை மாடுகூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

தவமணி வெட்கப்பட்டு ஆலையைச் சாத்தினார். பேராசிரியையிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். வயது அவரைப் படுத்தவில்லை, வேதியியல்தான் படுத்தியது.

நான்காம் வருடம் ஒரு காலையில் ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் ஒரு பாட்டில்.

"மேடம், தெளிஞ்சிருச்சுங்க."

வேறோர் ஆலையிலிருந்து இருபது லிட்டர் கேனில் பிடித்து வந்த கழிவுநீர். அதில் பத்து கிராம் நானோ இரும்புத்தூளைக் கலக்கியிருந்தார். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒவ்வொரு துகளும். அழுக்கு அதில் ஒட்டிக்கொண்டது. கேனுக்கு அடியில் காந்தத்தை வைத்ததும் இரண்டும் சேர்ந்து கீழே படிந்துவிட்டன.

குரு பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார். மோந்தும் பார்த்தார். புளித்த வாடை இல்லை. அவருக்கும் சந்தோஷம்தான்.

"நாளைக்குப் பாவாயியக்கா தக்காளிச் செடிக்கு இதை ஊத்தறேன்னு சொல்லிட்டேனுங்க. பத்து வருசத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் அந்தம்மா எங்கிட்டப் பேசுச்சு."

"படிஞ்ச தூளைக் கழுவிக் காயவெச்சு, எடை பார்த்துட்டு வாங்கண்ணே."

சாயங்காலம் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"ஒன்பது புள்ளி ஒன்பது கிராம் திரும்பக் கிடைச்சிருச்சுங்க மேடம். இதையே மறுபடியும் போடலாமுங்க."

"மீதி?"

"துளியூண்டுதானுங்க. கேன்ல ஒட்டியிருக்குமோன்னு வழிச்சும் பார்த்துட்டேன். இல்லீங்க."

"அப்ப எங்க போச்சு?"

தவமணி பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் பளிச்சென்று இருந்தது.

"காணாமப் போச்சுங்க."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. பாட்டிலை மெல்ல மேசைமேல் வைத்தார்.

செண்பகவல்லி ஆய்வகக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பாவாயியக்காவுக்குப் போன் போட்டு, இன்னும் கொஞ்ச நாளாகும்னு சொல்லுங்கண்ணே. போன தடவை காணாமப் போனதை அவங்க கண்டுபிடிச்சாங்க. இந்தத் தடவை நாம கண்டுபிடிப்போம்."