ராஜாவின் காதுவலியும் கட்டையனின் குளியல் குழியும்

ஓடைக்கரைக் காட்டில் கட்டையன் என்ற காட்டுப்பன்றி சேற்றுக் குளியல் தொழில் நடத்திவந்தது. எருமைகள் வரும், சுகமாகப் புரளும், கூலியாகக் கிழங்கு கொடுத்துவிட்டுப் போகும். அந்தக் கிழங்கில்தான் கட்டையனின் ஏழு குட்டிகளும் வளர்ந்தன. கழிவுச் சேறு மட்டும் ஓடையில் இறங்கி, எல்லோரும் குடிக்கும் குளத்தில் போய்ச் சேரும்.

குளத்தைச் சோதிக்க அரசாங்கம் ஒரு நாரையை வைத்திருந்தது. நாரை தண்ணீரில் நின்று குனிந்து பார்க்கும். கால்விரல் தெரிந்தால் நீர் சுத்தம். பல வருடமாக விரல் தெரியவில்லை. அது யாருடைய சேறு என்பதும் நாரைக்குத் தெரியும். மாதாமாதம் சிங்கராஜாவின் காதில் ரகசியமாகச் சொல்லும். ராஜா தலையாட்டுவார். அத்தோடு அந்த மாதத்து நிர்வாகம் முடிந்தது!

ஒருநாள் ராஜாவுக்குக் காதுவலி வந்தது. பச்சிலை வைத்து இரண்டு காதையும் அடைத்திருந்தார்.

"என்னய்யா முணுமுணுக்கிறே? சத்தமா சொல்லு!" என்று உறுமினார்.

நாரை பயந்துபோய்த் தொண்டை கிழியக் கத்தியது. "குளத்தைக் கெடுக்கிறது கட்டையனோட சேறுதான், மகாராஜா!"

காடே கேட்டது.

மறுநாள் ஒரு எருமைகூட வரவில்லை. கட்டையன் பெரிய எருமையைத் தேடி ஓடியது.

"அண்ணே, இத்தனை வருஷப் பழக்கம்!"

"பழக்கம்தான்ப்பா. ஆனா நான் குளிச்ச அழுக்கை என் கன்னுக்குட்டியில்ல குடிக்குது!"

 கட்டையனுக்கு முதலில் குறுக்குவழியில்தான் புத்தி போனது. ஓடை முகப்பில் இலை தழையெல்லாம் கட்டி, 'இயற்கையின் நண்பன்' என்று பலகை மாட்டியது. அடுத்த மாதமும் ராஜாவின் காது சரியாகவில்லை.

"பலகைதான் பச்சையா இருக்கு, தண்ணி அதே பழுப்பு!" என்று நாரை கத்தியது.

குட்டிகள் பசியில் வீறிட்டன. பாவம், கட்டையன் வேறு வழியில்லாமல் மூளையைக் கசக்கியது. மூன்று பள்ளம் வெட்டி, நாணல் நட்டு, சேற்றுநீரை ஒவ்வொன்றிலும் தேக்கி விட்டது. அடியில் சேறு தங்கியது, மேலே தெளிந்த நீர் வழிந்தது. தங்கிய சேறோ வெண்ணெய்போல மிருது! அதையே திரும்பக் குளியலுக்குப் போடலாம். மலையடிவாரத்திலிருந்து களிமண் சுமக்கும் வேலை மிச்சம். தெளிந்த நீர் வழிவதைப் பார்த்து எருமைகள் மறுபடியும் வரிசையில் வந்து நின்றன.

"சின்ன வயசிலேருந்தே எனக்கு ஓடைன்னா உயிர்!" என்று கட்டையன் வெட்கமில்லாமல் பீற்றிக்கொண்டது.

ராஜாவுக்குக் காது குணமானது. நாரை பழையபடி காதருகே குனிந்தது. கட்டையன் பதறிப் பாய்ந்து வந்தது.

"மகாராஜா, கத்தச் சொல்லுங்க! நான் சுத்தம்னு ஊரே கேக்கணும்!"

ராஜா பெருந்தன்மையாகச் சிரித்தார். "சரி, கத்து!"

நாரை கத்தியது. "கட்டையனோட தண்ணி சுத்தம்! ஆனா இன்னும் என் விரல் தெரியலை. இப்ப அழுக்கு வர்றது மகாராஜா குளிக்கிற படித்துறையிலேருந்து!"

காடு முழுவதும் ராஜாவைத் திரும்பிப் பார்த்தது. ராஜா மெல்லக் கட்டையன் பக்கம் சாய்ந்து கேட்டார்:

"ஏம்ப்பா, அந்த நாணல் பள்ளம் எவ்வளவு ஆழம் வெட்டணும்?"

அழுக்கு யாருடையது என்று அரசு ஊரறியச் சொன்னால்தான், அதைத் துடைக்கும் வழி அழுக்காக்கியவர் மூளையில் உதிக்கும்.