இறங்காத மூச்சு

வைத்தியசாலைக்குள் நுழைந்தவரைக் கண்டதும் ஆவுடைக்கு முகம் கறுத்தது. வந்தவர் செண்பகராமன், அவனுடைய அக்காள் கணவர்.

ஒரு கல்யாணப் பந்தியில் ஆவுடையின் தொந்தியைக் காட்டி அவர்தான் சத்தம் போட்டுச் சொன்னவர்: "மாப்பிள்ளைக்கு ரெண்டு இலை போடுங்கடே. வயிறு தனியா உட்காரும்!"

பந்தியே சிரித்தது. அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்தவன், அக்காள் வீட்டு வாசலை அப்புறம் மிதிக்கவில்லை. தீபாவளிக்கும் தானே பொங்கித் தானே தின்றான். மூச்சிரைப்புக்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் ஆசானுக்குச் சீடனாகத் தங்கிவிட்டான். போகச் சொல்லவோ வரச் சொல்லவோ ஆள் இல்லை.

இப்போது செண்பகராமனுக்கு வயிறு பானையாகத் தள்ளியிருந்தது.

"இங்கயா இருக்கே மாப்ள? உங்கக்கா உன்னைத் தேடாத இடமில்லை" என்றார், ஒன்றுமே நடக்காதது போல. "படுத்தா மூச்சு அடைக்குடே. உட்கார்ந்துதான் தூங்குதேன்."

ஆசான் சீடனைப் பார்த்தார். "நீரே பாரும்."

"படுங்க" என்றான் ஆவுடை.

எண்ணெய் தொட்டு, விலாவின் கீழ்விளிம்பில் கட்டைவிரல்களை வைத்தான். மூச்சு வெளியேறும்போது கை உள்ளே போனது. மூச்சு வாங்கும்போது கை விட்டுக்கொடுத்தது. முறையில் ஒன்றும் பிசகவில்லை. ஆனாலும் மூச்சு நெஞ்சோடு நின்றது. வயிறு பலகையாக இறுகிக் கிடந்தது.

"கொல்லத்தான் போறியா மாப்ள?" செண்பகராமன் சிரிக்கப் போய், இருமலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆவுடை கிணற்றடிக்குப் போய் நின்றான். ஆசான் பின்னாலேயே வந்தார்.

"இடம் சரி, அழுத்தம் சரி. பின்னே ஏன் ஆசானே இறங்கலை?"

ஆசான் தம் உள்ளங்கையை ஆவுடையின் வயிற்றில் வைத்தார். அதுவும் பலகையாக இருந்தது.

"அவரைத் தொட்டதுல இருந்து நீர் ஒழுங்கா மூச்சு விடலை வே. இறுகின கைக்குக் கீழே எவன் தளர்ந்து படுப்பான்? போம். அவர் விடும்போது நீரும் விடும்."

ஆவுடை திறந்த கதவு வழியே திரும்பிப் பார்த்தான். செண்பகராமன் கட்டிலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அத்தனை பேர் முன்னால சொன்னாரே ஆசானே. அவருக்கு அது ஞாபகம்கூட இல்லை. என்னால மறக்க முடியலை."

"நான் மறக்கவா சொன்னேன்? மூச்சை விடத்தானே சொன்னேன்."