பனிக்கல் அணியின் மூன்று ஓட்டைகள்

பனிக்கல் எஸ்டேட்டில் தேயிலை துரைமாருக்கு, கால்பந்து தொழிலாளிக்கு. யாரும் பத்திரம் எழுதிக் கொடுத்த பங்கீடு அல்ல. அந்த மைதானமே வேலைநிறுத்தம் செய்து வாங்கியது. வாங்கியவர்களில் முன்னால் நின்றவர் மாசானம். கொடி பிடித்த கையோடு அணித் தலைவரும் ஆனார். அன்றிலிருந்து நடுக்களம் அவருடையது. இப்போது வயது நாற்பத்துநாலு.

அணிக்குப் பயிற்சி கொடுப்பவர் யாகப்பன் மாஸ்டர். மாசானத்தைவிட இரண்டு வயது இளையவர். சின்ன வயதிலேயே முழங்கால் போய்விட்டதால், ஆடியதைவிடப் பார்த்தது அதிகம். எஸ்டேட் மேனேஜருக்கே வணக்கம் சொல்லாத மாசானம், இவரிடம் மட்டும் பாடம் கேட்பார்.

மழை விட்டதும் மலை லீக் தொடங்கும். போன வருஷம் பனிக்கல் கடைசி. இந்த வருஷமும் கடைசியானால் லீக்கிலிருந்தே வெளியே. அந்த நேரம் பார்த்து மூன்று பேர் போய்விட்டார்கள். கோல் காக்கும் கோலி காஜா திருப்பூர் பனியன் கம்பெனிக்கு. பின்களத்தில் தடுத்து நிற்கும் ஸ்டாப்பர் தவசி, மகள் படிப்புக்காகப் பொள்ளாச்சிக்கு. முன்வரிசை ரிச்சர்ட் போலீஸ் வேலைக்கு.

லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. அணியில்லாத ஆட்டக்காரர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையாக நிறுத்துவார்கள். அணிகள் முறை வைத்து ஆளைக் கூப்பிடும். ஒரு சுற்றுக்கு ஓர் ஆள், மூன்று சுற்று. போன வருஷம் கடைசியாக வந்த அணிக்கு முதல் முறை. தோற்றவனுக்கு முதல் உரிமை கொடுக்கிற சட்டம் இந்த மலையில் அது ஒன்றுதான்.

மாசானம் மாஸ்டரிடம் போனார்.

"மாஸ்டர், முதல்ல யாரைக் கூப்பிடலாம்?"

"நமக்கு எங்க ஆள் இல்ல, அண்ணாச்சி?"

"இதென்ன கேள்வி? கோலி இல்ல. ஸ்டாப்பர் இல்ல. முன்னால அடிக்க ஆள் இல்ல. மூணு கருங்காலியும் ஒரே மாசத்துல கம்பி நீட்டிட்டானுக."

"பிழைப்பு தேடிப் போனவன் கருங்காலியா?"

"கொடியை விட்டுட்டுப் போறவன் எல்லாம் கருங்காலிதான்."



"ஃபேக்டரி ஆளுங்களோட ஒரு ஆட்டம் வைங்க. ஆடிட்டுப் பேசுவோம்."

"எட்டுப் பேரை வெச்சா?"

"மூணு பேரை நான் கொண்டுவரேன்."

கொண்டுவந்தார். கோல் கம்பத்துக்கு டீக்கடை மம்மது காக்கா. ஸ்டாப்பர் இடத்துக்குப் பன்றி விரட்டும் காவல்காரர் சங்குண்ணி. முன்வரிசைக்கு, நொண்டும் காலோடு மாஸ்டரே.

"இது ஆட்டமா, கோமாளிக் கூத்தா?" என்றார் மாசானம்.

"காக்கா, கைலியை இறுக்கிக் கட்டுங்க," என்று வெளியிலிருந்து ஒருவன் கத்தினான். "அதையும் பந்தையும் பிடிக்க உங்களுக்குக் கை காணாது!"

முதல் கோல் காக்காவின் கால்களுக்கு இடையில் போனது.

"பாத்தீங்களா மாஸ்டர்? கோலி!" என்றார் மாசானம்.

இரண்டாவது கோலின்போது சங்குண்ணி எங்கோ நின்றார்.

"ஸ்டாப்பர்! நான் சொன்னேன்ல?"

மூன்றாவதும் அப்படியே விழுந்தது. மாசானத்துக்குப் பொறுக்கவில்லை.

"யோவ் சங்குண்ணி! பன்னி வந்தாலும் இப்படித்தான் வேடிக்கை பாப்பியா?"

சங்குண்ணிக்கு மூச்சு வாங்கியது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"பன்னி வேலியைத் தாண்டினாத்தானே அண்ணாச்சி என்கிட்ட வரும்? இங்க வேலி நீங்கதானே? மூணு தடவையும் உங்களைத் தாண்டித்தான் வந்தான்."

நல்ல கிண்டல்தான். ஆனால் அணியில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிக்காமைதான் மாசானத்துக்குச் சுருக்கென்றது. இடது பக்கம் ஆடும் ஞானதுரை, அவிழாத பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

ஆட்டம் முடிந்ததும் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏலே, தவசி எங்க நிப்பான்?"

"ஸ்டாப்பர் இடத்துல, அண்ணாச்சி."

"பொய் சொல்லாத."

ஞானதுரை தரையைப் பார்த்தான்.

"உங்களுக்குப் பின்னால. ஒட்டியே."

"ரிச்சர்ட்?"

"உங்க பக்கம் பந்து வந்தா கீழ இறங்கிடுவான்."

"எப்பருந்து?"

"ரெண்டு சீசனா."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லல. நிரையில சொல்லிக்கிட்டா செய்யுறோம்?"

கொழுந்து பறிக்கையில் ஆளுக்கு ஒரு நிரை. ஒருத்திக்கு உடம்பு முடியாமல் போனால், இரண்டு பக்கத்து நிரைக்காரிகளும் அவள் செடியிலும் கை நீட்டிப் பறித்துக்கொண்டே போவார்கள். கங்காணி வந்து பார்த்தால் எல்லாரும் ஒரே வரிசையில் இருப்பார்கள். உதவி பெறுகிறவளிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சங்கத்தில் இதைச் சொல்லிக் கொடுத்தவர் மாசானம். நாற்பது பிரசங்கத்துக்குச் சமம் என்று பெருமையாகச் சொல்வார்.

அந்த நிரையில் தாமே ஒருநாள் பின்தங்குவோம் என்று அவர் நினைத்ததில்லை.

காக்கா கடைக்குத் திரும்பி மறுபடி டீ ஆற்றத் தொடங்கியிருந்தார். அங்கே மாஸ்டருக்கு எதிரே போய் உட்கார்ந்தார் மாசானம்.

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா?"



"மேனேஜர்கிட்ட விலைபோயிட்டீங்கன்னு சொல்லியிருப்பேன்."

மாஸ்டர் சிரித்தார். சற்றுப் பொறுத்து மாசானமும் சிரித்தார். வாய் கசந்தாலும் சிரிப்பு வரத்தான் செய்தது.

"ரிச்சர்ட் முன்னாலயே நின்னிருந்தா இன்னும் கோல் அடிச்சிருப்பான்."

"ஆமா."

"தவசி தன் இடத்துல நின்னிருந்தா..."

"ஆமா."

"அப்ப போன வருஷம் நாம கடைசி வந்தது..."

"டீ ஆறுது, அண்ணாச்சி."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர், அந்த வருஷம் இழுத்து மூடப்பட்ட ஓர் எஸ்டேட்டின் பிள்ளைகள். எல்லார் கண்ணும் சுடலைமணி மேல். அவன் உதைத்தால் வலை கிழியும் என்று பேச்சு. பனிக்கல் அவனைத்தான் கூப்பிடும் என்று மற்ற அணிகள் முடிவுகட்டி, தங்கள் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தன.

"பனிக்கல், முதல் முறை!" என்றது மைக்.

மாசானம் எழுந்தார். வரிசையைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்க்கவில்லை.

"எபனேசர்," என்றார்.

கூட்டம் சலசலத்தது. எபனேசர் நடுக்கள ஆட்டக்காரன். ஒல்லி. மூச்சு மட்டும் மலைக் கழுதையின் மூச்சு. பக்கத்து அணித் தலைவர் எட்டிக் கூவினார்:

"அண்ணாச்சி, பேரை மாத்திச் சொல்லிட்டீங்க! அது உங்க இடம்!"

"என் இடம்னு பட்டாவா போட்டு வெச்சிருக்கேன்? நான் என்ன துரையா?"

மைதானமே சிரித்தது. எபனேசர் மட்டும் சிரிக்கவில்லை. வரிசையிலிருந்து வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், அவர் காலைத் தொடக் குனிந்தான். "அதெல்லாம் துரைமாருக்கு. நிமிர்ந்து நில்லுலே," என்று தோளைப் பிடித்துத் தூக்கினார்.

சுடலைமணியை அடுத்த அணி அள்ளிக்கொண்டு போனது. இரண்டாம் சுற்றில் பனிக்கல் ஒரு கோலியைக் கூப்பிட்டது. மூன்றாம் சுற்றில், பேர்பெறாத, ஆனால் நீளக்கால் உள்ள ஒரு முன்வரிசைக்காரனை.

மாலையில் லாரியில் திரும்பினார்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் புதுப் பையன்கள் மூவரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். ஞானதுரை அவர்களுக்கு முறுக்கு பங்கு வைத்தான். மாசானம் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்று வாங்கினார். முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்தது போல் இருந்தது. பொள்ளாச்சி போகும் பஸ் எதிரே வந்தபோது, "தவசிக்கு ஒரு போன் போடணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்த வளைவில் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"மாஸ்டர்! மூணு சுற்றும் முடிஞ்சுபோச்சு. ஸ்டாப்பரை எடுக்கவே இல்லையே! மறந்துட்டோமே!"

"மறக்கல, அண்ணாச்சி."

"பின்ன? அந்த இடத்துல யாரு?"

மாஸ்டர் லாரியின் அந்த மூலையைப் பார்த்தார். எபனேசர் வாய் நிறைய முறுக்கோடு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான்.

"பையன் புதுசு. ஒண்ணு ரெண்டு தவறவிடுவான். அவனுக்குப் பின்னால ஒரு பழைய ஆள் நிக்கணும். நிக்கிறது அவனுக்குத் தெரியக் கூடாது."