ராஜாவின் வாசலில் எழுந்த சுவர்

கொன்றையூர் ராஜா சுந்தரவிக்ரமருக்கு ஒரு யோசனை வந்தால் போதும், ஊரில் நாலு பேருக்குத் தூக்கம் போய்விடும். இந்த முறை போனது சிற்றம்பல ஆசாரியின் தூக்கம்.

நாட்டிலுள்ள நிலம், வழக்கு, வரி எல்லாவற்றின் ஓலைகளையும் ஒரே மண்டபத்தில் வைக்க வேண்டும். எவன் வந்து எந்த ஓலையைக் கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுக்க வேண்டும். சித்திரை வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்க, சுவரைச் சுற்றி வாய்க்கால் ஓட வேண்டும். எல்லாம் தைப்பூசத்துக்குள் முடிய வேண்டும். கட்ட ஒப்புக்கொண்டவர் ஆசாரி. சாசனம் எழுதியவர் திவான் வேதமூர்த்தி.

திவான் சாமர்த்தியசாலி. ஆபத்து எதுவும் அரண்மனைப் பக்கம் எட்டிப் பார்க்காதபடி எழுதியிருந்தார். எந்தக் காரணத்தால் தாமதமானாலும் பொறுப்பு ஆசாரியுடையது. தாமதம் வராமல் தடுக்க வேண்டியதையும் அவரே செய்துகொள்ள வேண்டும். தவறினால் அவர் வீடும் நிலமும் பறிமுதல்.

வேலை தொடங்கியது. கிழக்கே வைத்த வாசலை ராஜா மேற்கே மாற்றச் சொன்னார். கல் இழுக்கும் யானைகளை வேட்டைக்குக் கூட்டிப் போனார். ராணிக்குத் தாமரை பிடிக்கும் என்று, வெட்டி முடித்த வாய்க்காலைக் குளமாக்கச் சொன்னார். கார்த்திகை பிறந்தும் கூரை ஏறவில்லை.

ஆசாரி சபையில் கைகட்டி நின்றார். "மகாராஜா, மாற்றச் சொன்னது தாங்கள். அந்த நாட்களையாவது கூட்டித் தரக்கூடாதா?"

"எந்தக் காரணத்தாலும் என்றல்லவா எழுதியிருக்கிறது?" என்றார் திவான்.

"ஆமாம். எழுதினது எழுதினதுதான்," என்றார் ராஜா.

ஆசாரிக்குக் கண் கலங்கிவிட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது. சபையின் விகடர் பூவராகன் மட்டும் தலையை ஆட்டினார். "ரொம்ப நியாயம். ஆசாரியாரே, சாசனத்தை ஒரு வரி விடாமல் நிறைவேற்றுவோம். நானும் கூட வருகிறேன்."

மறுநாள் காலை ராஜாவுக்கு இன்னொரு யோசனை. மண்டபத்து மாடியில் ஊஞ்சல் கட்டினால் என்ன? ஆசாரியிடம் சொல்லிவிட்டு வரலாமென்று கிளம்பி அரண்மனைக் கதவைத் திறந்தார். வாசலில் இடுப்பளவுக்குச் சுவர் எழும்பியிருந்தது. சுவர் நேராக நிற்கிறதா என்று ஆசாரி தூக்குநூல் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பூவராகன் செங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது?"

"சாசனப்படி வேலை நடக்கிறது, மகாராஜா," என்றார் பூவராகன்.

"என் வாசலிலா?"

"தாமதம் வரும் வழியையெல்லாம் அடைக்க வேண்டுமே. மழைக்குக் கீற்றுப் பந்தல் போட்டாயிற்று. வெள்ளத்துக்குக் கரை கட்டியாயிற்று. மிச்சம் இந்த வாசல் ஒன்றுதான்."

பின்னால் ஓடிவந்த திவான், "இது ராஜத்துரோகம்," என்றார்.

"நீங்கள் எழுதியதுதானே ஐயா," என்று அடுத்த செங்கல்லை நீட்டினார் பூவராகன்.

ராஜா சுவரைப் பார்த்தார். திவானைப் பார்த்தார். ஊஞ்சலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"வேதமூர்த்தி, சாசனத்தைத் திருத்து. ஆசாரி செய்யும் பிழைக்கு ஆசாரி பொறுப்பு. நான் மாற்றச் சொன்னால் அந்தத் தாமதம் என்னுடையது. இதுவரை போன நாட்களையும் சேர்த்துக் கொடு."

அங்கேயே எழுதி முத்திரை வைத்தார்கள்.

"சரி ஆசாரி, சுவரை இடி."

"இடிக்கிறேன், மகாராஜா," என்றார் ஆசாரி. "ஆனால் இதுவும் தாங்கள் சொல்லும் மாற்றம்தான். இன்றைய பொழுது இதற்கே போய்விடும். இந்த நாள் யாருடையது?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பூவராகனுக்குப் பரிசாகத் தன் பட்டுச் சால்வையைக் கழற்றிச் சுவருக்கு மேலாகவே நீட்டினார்.