கொலுமண்டப வாசலில் ஒரு மூங்கில்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மேலைக்குறிச்சி நாட்டை மகுடபூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்பதுகூட ஒரு மரியாதைக்காகச் சொல்வதுதான். காலையில் ஓர் உத்தரவு போடுவார். மத்தியானம் தூங்கி எழுந்தால் மறந்துவிடுவார். நாட்டை உண்மையில் இழுத்துக்கொண்டு போனவர் மந்திரி செங்கோடர்.

அன்று காலையில்தான் காதுக்கு வந்த ஒரு விஷயத்தால் அந்த மந்திரிக்கு வயிற்றெரிச்சல். கடைவீதி நடுவே ஒரு கிணறு. எட்டு மாதத்துக்கு முன் பெய்த மழையில் அதன் சுற்றுச்சுவர் இடிந்துபோனது. இரண்டு ஆடுகள் விழுந்து செத்தன. போன வாரம் வெற்றிலை விற்கும் பூவாயி விழுந்து, உயிர் பிழைத்தாலும் கால் ஒடிந்துபோனது. இன்னும் பத்து நாளில் தேர்த்திருவிழா. அந்த வீதியில்தான் தேர் வரும். ஆயிரக்கணக்கான பேர் இடித்துக்கொண்டு வருவார்கள்.

"ஏனய்யா, அரண்மனையில் வந்து சொல்லக்கூடாதா?" என்று செங்கோடர் எண்ணெய்க் கடைக்காரரைக் கேட்டார்.

"யாராச்சும் சொல்லியிருப்பாங்கன்னு இருந்துட்டேனுங்க."

எதிரே ஜவுளிக் கடைக்காரரைக் கேட்டார். "எண்ணெய்க் கடைக்காரரு சொல்லியிருப்பாருன்னு நினைச்சேன் சாமி. ஆனா ஒண்ணு, வர்றவங்க போறவங்ககிட்டே, 'பாத்துப் போங்க, கிணறு இருக்கு'ன்னு தவறாம சொல்லிடுவேன்!" என்றார் அவர், என்னமோ பெரிய தர்மம் செய்துவிட்டவர் மாதிரி.

செங்கோடர் தலையில் அடித்துக்கொண்டு நேரே சபைக்குப் போனார். விஷயத்தைக் கேட்ட ராஜா கொட்டாவி விட்டார். "கிணறா? ஒருவரும் புகார் சொல்லவில்லையே!"

பக்கத்தில் இருந்த சபைப் பிரமுகர் தாண்டவராயர் இதற்காகவே காத்திருந்தார். மந்திரியின் முத்திரை மோதிரத்தின்மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். "மகாராஜா! புகார் இல்லை என்றால் குறை இல்லை என்றுதானே அர்த்தம்? நம் ஜனங்கள் எவ்வளவு திருப்தியாக, எவ்வளவு பொறுமையாக இருக்கிறார்கள்! மந்திரிக்குத்தான் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை."

"அது பொறுமை இல்லை, நமக்கென்ன என்கிற புத்தி!" என்று செங்கோடர் வெடித்தார்.

ராஜாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சரி, ஒன்பது நாள் தருகிறேன். புகார் இல்லாத இடத்திலும் குறை இருக்கும் என்று எனக்குப் புரியவையும். புரிந்தால் அன்றைக்கே சுவர் கட்டுவேன். இல்லாவிட்டால் மோதிரத்தைக் கழற்றித் தாண்டவராயரிடம் கொடுத்துவிட்டு நீர் ஊரைப் பார்க்கப் போகலாம்."

மறுநாள் சபை கூடியபோது கொலுமண்டப வாசலில் குறுக்கே ஒரு மூங்கில் கட்டியிருந்தது. நெஞ்சு உயரம். முதலில் வந்த ஜோசியர் ஒரு கணம் நின்றார், குனிந்தார், உள்ளே போனார். பின்னால் வந்த வித்வான்கள் அவர் குனிந்ததைப் பார்த்துத் தாங்களும் குனிந்தார்கள். தாண்டவராயர் மற்றவர்களைவிட ஒரு சாண் அதிகமாகவே குனிந்தார். கடைசியில் ராஜா வந்தார். எல்லோரும் பேசாமல் இருக்கும்போது தான் மட்டும் கேட்டால் விஷயம் தெரியாத ராஜா என்று ஆகிவிடுமே! கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவரும் குனிந்தார்.

மூன்றாம் நாள் சேனாதிபதி இடுப்பில் தைலத்தோடு வந்தார். நான்காம் நாள் யாரோ மூங்கிலுக்குப் பட்டுத் துணி சுற்றினார்கள். ஆறாம் நாள் மஞ்சள் குங்குமம், மல்லிகைச் சரம். அயல்நாட்டுத் தூதர் முட்டிக்கொண்டபோது, "இது எங்கள் பரம்பரை வழக்கம்" என்று தாண்டவராயர் கூசாமல் அளந்துவிட்டார்.

செங்கோடர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவன் வாய் திறந்தாலும் அவர் போட்ட கணக்கு தப்பிவிடும், மோதிரமும் போய்விடும். ஆனாலும் 'அட, இத்தனை பேரில் ஒருத்தனாவது கேட்கமாட்டானா!' என்று அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒருத்தனும் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் அவர் சபை நடுவே வந்து நின்றார். "மகாராஜா, வாசல் மூங்கிலைப் பற்றி ஒருவரும் புகார் சொல்லவில்லை. எல்லோருக்கும் பரம திருப்தி போலிருக்கிறது. மூங்கிலை எடுத்துவிட்டு இரும்பிலேயே நிரந்தரமாகப் போட்டுவிடட்டுமா?"

"ஐயோ, என் இடுப்பு!" என்று சேனாதிபதி அலறினார். உடனே சபை முழுக்க ஒரே கூச்சல். கழுத்து வலி என்றார் ஒருவர், தலைப்பாகை கிழிந்தது என்றார் இன்னொருவர்.

"இதை வைத்தது யார்?" என்று ராஜா கர்ஜித்தார்.

"நான்தான்."

"நீரா! ஜோசியர் சொன்ன பரிகாரம் என்றல்லவா நினைத்தேன்!"

"நான் மகாராஜாவின் உத்தரவு என்று நினைத்தேன்" என்றார் ஜோசியர்.

"ஒன்பது நாள் முதுகு ஒடியக் குனிந்தீர்கள், மகாராஜா. வாய் திறக்கவில்லை. அதனால் உங்களுக்குக் குறையே இல்லை என்று நான் எடுத்துக்கொள்ளலாமா?" என்றார் செங்கோடர்.

ராஜாவின் முகம் சிவந்தது. பிறகு எழுந்து போய்த் தன் கையாலேயே மூங்கிலைப் பிடுங்கி எறிந்தார். "புரிந்தது. கிணற்றுக்கு நடங்கள். தாண்டவராயரே, இதைப் பரம்பரை வழக்கம் என்றீராமே? சுண்ணாம்புக் கூடை சுமப்பது இன்று முதல் உம் பரம்பரை வழக்கம்."

ராஜா வந்ததும் கடைவீதி முழுக்க வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. "அப்பவே நினைச்சேன், இதைக் கட்டணும்னு" என்றார் எண்ணெய்க் கடைக்காரர். ஆளாளுக்கு அதையே சொன்னார்கள்.

ராஜா செங்கோடரைப் பார்த்தார். செங்கோடர் கூட்டத்தைப் பார்த்துச் சாதுவாகக் கேட்டார்: "இந்தச் சுவர் இடிந்து கிடந்தது உங்களில் யாருக்கெல்லாம் முன்பே தெரியும்?"

ராஜாவுக்கு முன்னால் விவரம் தெரிந்தவனாகக் காட்டிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இல்லை! அத்தனை கைகளும் மேலே போயின.

"நல்லது. கை தூக்கியவர்கள் ஆளுக்குப் பத்துச் செங்கல் எடுத்து வாருங்கள்."

தூக்கிய கையை எப்படி இறக்குவது? எண்ணெய்க் கடைக்காரர் முனகிக்கொண்டே முதல் செங்கல்லைத் தூக்கினார். ஜவுளிக் கடைக்காரர் மண் குழைத்தார். ராஜா தன் சால்வையை எடுத்துச் செங்கோடருக்குப் போர்த்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் வேலையில் இறங்கினார்.

பொழுது சாய்வதற்குள் சுவர் எழுந்துவிட்டது. அரை நாள் வேலை. அதைத்தான் அந்த ஊரே எட்டு மாதமாகச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தது.