கம்பிக்குப் பின்னால் பச்சைக் கூடு

ஒரு புதிர் போடுகிறேன். வளராத புல், வாடாத புல், ஆடு வாய் வைக்காத புல். ஒருவர் அதைக் கண்ணும் கருத்துமாகப் பராமரிக்கிறார். ஆனாலும் அது குறைந்துகொண்டே போகிறது. பிறகு ஒருநாள், குறைவது தானாக நின்றுவிடுகிறது. ஏன்?

யோசித்துக்கொண்டே கேளுங்கள். இந்தப் புதிர் சுலபம். இதற்குள் இன்னொன்று இருக்கிறது, அதுதான் கடினம்.

திண்டுக்கல்லில் சத்தியசீலன் என்பவர் தம் வீட்டு மொட்டை மாடியில் செயற்கைப் புல்விரிப்பு போட்டிருந்தார். பிளாஸ்டிக் இழைகளை முரட்டுத் துணியில் வரிசை வரிசையாகத் தைத்துச் செய்த புல் அது. ஞாயிறு தவறாமல், இழைகள் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராகத் துடைப்பத்தால் சீவி நிமிர்த்துவார். ரப்பர் குழாய் பிடித்துப் புழுதியைக் கழுவுவார். "எனக்கு ஒரு நாளாவது இப்படித் தலை சீவி விட்டிருக்கீங்களா?" என்பார் அவர் மனைவி ரேணுகா.

ஒருநாள் அந்தப் புல்லில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை விழுந்திருந்தது. சத்தியசீலன் அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்தார். மிச்சம் வைத்திருந்த துண்டிலிருந்து அதே அளவு வெட்டி, இழைகள் ஒரே பக்கம் சாயும்படி பொருத்தி, பசை போட்டு ஒட்டினார். பார்வைக்கு வேலை சுத்தம். ஆனால் ஒரு தவறு செய்திருந்தார். தையல் வரிசைகளுக்கு இடையில் வெட்டாமல், வரிசைகளின் குறுக்கே வெட்டிவிட்டார். அதனால் ஒட்டின் ஓரத்து இழைகள் பிடிப்பில்லாமல் நின்றன. லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும்.

மறுபடியும் வழுக்கை விழுந்தது, அந்த ஓரத்திலேயே. மறுபடியும் வெட்டி ஒட்டினார். அதுவும் போயிற்று.

மாடிக்குப் போய் விளையாடுகிறவள் அவர் மகள் தென்றல் ஒருத்திதான். நான்காம் வகுப்பு படிக்கிறாள்.

"பொம்மைக்கு முடி வைக்கப் பிடுங்கினியா?"

"நான் இல்லப்பா."

"பின்ன, ஆடா மாடியேறி வந்து மேஞ்சுட்டுப் போச்சு?"

அன்று தென்றல் நன்றாகத் திட்டு வாங்கினாள். அதற்குப் பிறகு ஓர் இழைகூடக் குறையவில்லை. "திட்டினதும் நின்னுடுச்சு, பாத்தியா," என்று சத்தியசீலன் மனைவியிடம் சொன்னார். தென்றல் மாடிக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள்.

சில வாரங்கள் கழிந்தன. ஒருநாள் காலை துணி காயப்போடப் போன ரேணுகாவுக்கு, மாடிப்படி அறையின் ஜன்னல் பக்கமிருந்து கீச்சுக் குரல் கேட்டது. ஜன்னலை மூடிப் படர்ந்திருந்த சங்குப்பூக் கொடியை விலக்கிப் பார்த்தார். பார்த்ததும் கணவரையும் மகளையும் கூப்பிட்டார்.

வெளிக்கம்பிக்கும் மூடிய கண்ணாடிக் கதவுக்கும் நடுவில் ஒரு கொண்டைக்குருவிக் கூடு. காய்ந்த குச்சி பெயருக்குத்தான் இருந்தது. மற்றதெல்லாம் பளபளக்கும் பச்சை பிளாஸ்டிக். உள்ளே மூன்று குஞ்சுகள். இரண்டு, விளிம்பில் ஏறி நின்று சிறகை உதறிக்கொண்டிருந்தன. இன்றோ நாளையோ கிளம்பிவிடும். மூன்றாவது எழ முயல்வதும் விழுவதுமாக இருந்தது. அதன் காலில் பச்சை இழை சுற்றி இறுகிக் கிடந்தது. முடிச்சுக்குக் கீழே பாதம் வீங்கிக் கறுத்திருந்தது.

கூடு கட்டி முடிந்ததால் நின்ற திருட்டை, தாம் திட்டியதால் நின்றது என்று நம்பியவர் சத்தியசீலன். குருவிக்கு இழையைத் தளர்த்தித் தந்ததும் அவருடைய ஒட்டுவேலைதான். அவர் மகள் பக்கம் திரும்பினார். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மறுபடியும் கூட்டைப் பார்த்தார்.

ரேணுகா கீழே ஓடிப்போய் நகம் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்து வந்தார். "இப்பவே வெட்டிடணும்."

"வேண்டாம் ரேணு. கையை விட்டா மத்த ரெண்டும் பயந்து வெளிய குதிச்சிரும். அதுகளுக்கு இன்னும் சரியாப் பறக்க வரலை. சுவத்துல யாரு உக்காந்திருக்கான்னு பாரு."

கைப்பிடிச் சுவரில் பக்கத்து வீட்டுப் பூனை உட்கார்ந்திருந்தது. விரட்டினார்கள். இறங்கிப் போய், திரும்பவும் ஏறி வந்தது.

"அந்த ரெண்டும் பறந்து போகட்டும். அப்புறம் வெட்டலாம்."

"அதுவரைக்கும் இந்தக் கால் தாங்குமாங்க? உயிரே தங்குமான்னு தெரியலை."

"அதுக்காக, ஒண்ணைக் காப்பாத்த ரெண்டைப் பூனைக்குக் கொடுக்கணுமா?"

"ரெண்டு இருக்கேன்னு ஒண்ணைச் சாக விடணுமா?"

அறைக்குள்ளிருந்து கண்ணாடிக் கதவைத் திறக்கவும் வழியில்லை. கூடு அதன் மேல்தான் சாய்ந்திருந்தது. திறந்தால் மொத்தமாகச் சரியும். கம்பி இடைவெளியில் பெரியவர்கள் கை நுழையவில்லை. தென்றலின் கை மட்டும் நுழையும். ரேணுகா கத்தரியை அவளிடம் கொடுத்தார். சத்தியசீலன் அதைத் தடுக்கவில்லை. "நீயே சொல்லு பாப்பா," என்றார்.

இப்போது கத்தரி உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பா சொன்னது சரியா, அம்மா சொன்னது சரியா?

விடை: அப்பாவின் கணக்கில் பிழை இல்லை, இரண்டு ஒன்றைவிடப் பெரியதுதான். அம்மாவின் அவசரத்திலும் பிழை இல்லை. கறுத்த கால் காத்திருக்காது. இதுவே ஒரு காட்டில், வேர் நாரில் சிக்கிய குஞ்சாக இருந்தால் நான் அப்பா பக்கம் நின்றிருப்பேன். ஆனால் இந்த முடிச்சுக்கான இழை அந்த வீட்டு மாடியிலிருந்து போனது. ஆகவே அதை அவிழ்க்கும் கடமை அவர்களுக்கு முதலில் வருகிறது என்பது என் எண்ணம். தென்றல் இப்படியெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அப்பாவைப் பூனைக்குக் குறுக்கே போய் நிற்கச் சொன்னாள். குஞ்சுகள் குதித்தால் தாங்கும்படி, துப்பட்டாவை ஜன்னலுக்குக் கீழே விரித்துப் பிடிக்க அம்மாவிடம் சொன்னாள். பிறகு கம்பிக்குள் கையை விட்டு இழையை வெட்டினாள்.