ஒரே பானையில் மூன்று பாம்பு

"பாம்பைப் பாம்பு கடிச்சா சாகுமாடி?" பாம்புப் பண்ணையின் சீட்டு வரிசையில் நின்ற ஒரு பெண் தன் தோழியிடம் கேட்டாள். இதே கேள்வியில் ஒருத்தியின் பிழைப்பு தொங்கிய கதை ஒன்று உண்டு.

அது நடந்தது பாம்பின் விஷம் எடுக்கும் ஒரு பண்ணையில். பிடித்துவந்த பாம்பை மண்பானையில் விட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டி, அதன்மேல் சாக்பீஸால் விவரம் எழுதிவைப்பார்கள். எழுத்து இல்லாவிட்டால், துணி கட்டியிருந்தாலும் அது காலிப்பானை. மூன்று வாரம் கழித்துப் பாம்பைக் காட்டிலேயே விட்டுவிட வேண்டும். அதற்குள் அது செத்தால், காரணமானவருக்கு அந்த வருஷம் பாம்பு பிடிக்க அனுமதி கிடையாது.

ஒரு மழைநாளில் பானைகள் போதவில்லை. கன்னியம்மா தான் பிடித்த இரண்டு நாகங்களையும் ஒரே பானையில் விட்டு எழுதிவைத்தாள். சாரல் பட்டு எழுத்து அழிந்துபோனது. பிறகு வந்த எட்டியப்பன் காலிப்பானை என்று நினைத்து, துணியைக் கொஞ்சம் தளர்த்தி, உள்ளே பார்க்காமலே தன் பையிலிருந்த கட்டுவிரியனை இறக்கிவிட்டான்.

காலையில் ஒரு நாகம் செத்துக்கிடந்தது. விரியன் அடியில் சுருண்டிருந்தது. இன்னொரு நாகம் படமெடுத்துச் சீறியது. அதன் முதுகில் அகலமாக இரு பல்தடம். செத்ததன் உடம்பிலும் அதே அகலத்தில் ஒரு கடி. கழுத்தருகே, ஊசி குத்தியதுபோல் நெருக்கமாக, இன்னொன்று.

"ரெண்டு சக்களத்திய ஒரே வீட்டுல குடிவெச்சா வேற என்ன நடக்கும்?" என்றான் எட்டியப்பன்.

"என் தப்புதாண்ணே. ரெண்டும் கடிச்சிக்கிச்சிங்க." கன்னியம்மாவுக்கு வாதாடத் தெம்பில்லை. அனுமதி அட்டையை மேலாளரின் மேசையில் வைத்தாள். அவளுக்கு வேறு தொழில் தெரியாது.

மேலாளர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "யாராவது ஒரு பேரச் சொல்லுங்கப்பா, எழுதணும்."

நீங்களே சொல்லுங்கள்: அவர் யார் பெயரை எழுத வேண்டும்?

நாகத்தின் விஷம் இன்னொரு நாகத்தை எளிதில் கொல்லாது. அதனால்தான் ஒரே மாதிரி கடிபட்ட இரண்டில் ஒன்று சீறிக்கொண்டிருந்தது. வேற்றினத்தின் விஷத்துக்கு அந்தக் காப்பு இல்லை. செத்ததன் கழுத்தில் மட்டும் இருந்த நெருக்கமான தடம் விரியனுடையது. முப்பது வருஷமாகப் பாம்பு பிடிக்கும் எட்டியப்பனுக்கு அது பார்த்ததுமே தெரிந்திருக்கும்.

அவன் செத்த நாகத்தின் கழுத்தை விரலால் ஒருமுறை தடவினான். கன்னியம்மாவின் அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் அட்டையை வைத்தான்.